ஜன்னலுக்கு வெளியே வந்த கை

பிரசவம் என்றால் என்ன என்று பன்னிரண்டு பெண்களுக்கு நான் ஒரு வாரம் பாடம் எடுத்தேன். அந்தப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து அதுவரை முப்பத்தோரு பிள்ளைகள் பெற்றிருந்தார்கள். எனக்கு இருபத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஆனால் என்னிடம் சமூகப்பணியில் ஒரு முதுகலைப் பட்டமும், ஒரு புரொஜெக்டரும், துணியில் தைத்த கர்ப்பப்பையும், அதற்குள் திணித்து வெளியே எடுக்க ஒரு ரப்பர் பொம்மையும் இருந்தன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசல் மிதித்த முதல் ஆள் நான். படித்தவனிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

பாளையம்பட்டியில் ஓர் உரக்கடையின் மாடியில் வகுப்பு. கீழேயிருந்து யூரியா வாடை வரும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களிலிருந்து காலை பஸ்ஸுக்கு வந்து இறங்குவார்கள். எங்கள் நிறுவனம் அவர்களுக்குச் சுகாதாரத் தோழி என்று பெயர் வைத்து, ஆளுக்கு ஒரு நீலச் சேலையும் பையும் பிரஷர் பார்க்கிற மிஷினும் கொடுத்திருந்தது. ஊரில் கர்ப்பமாக இருக்கிற பெண்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பிரஷர், கண் வெளுப்பு, முகத்திலும் கையிலும் காலிலும் வீக்கம், இவற்றைப் பார்த்து எழுத வேண்டும். சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் நாளே பொம்மையை நான் மல்லாக்க வெளியே இழுத்தேன். பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்து வந்து, அதை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிக் கொடுத்தார். "குப்புறத்தான் வரும் தம்பி. மேல பாத்துக்கிட்டு வர அது என்ன சினிமாவா பாக்குது?"

மாடி முழுக்கச் சிரிப்பு. நான் அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

அந்த அக்காவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். வயது முப்பத்தெட்டு. எட்டாவது வரை படித்தவர். பருத்தி எடுத்தார், மில்லுக்குப் போனார், மில்லை மூடியதும் நூறு நாள் வேலைக்குப் போனார், பிறகு எங்களிடம் வந்தார். காலில் வீக்கம் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தபோது, பழகுவதற்குக் கால் வேண்டுமே என்று என் காலையே நீட்டச் சொன்னார்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். குழி உடனே மறைந்தால் சரி. மறையாமல் நின்றால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது. பன்னிரண்டு பேரும் அழுத்தினார்கள். அந்த அக்கா அழுத்தியது மட்டும் இரண்டு நாள் வலித்தது. "வீக்கம் இல்ல. வெறும் எலும்புதான். இந்தப் புள்ளைக்கு முதல்ல யாராச்சும் சோறு போடுங்க" என்று முடிவு சொன்னார்.

அவரது ஊர் திருச்சுழிப் பக்கம். பெயர் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் சுற்றியுள்ள பத்து ஊர்க்காரர்களும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்வார்கள். பத்து ஊர்க் கோபத்தைப் பகிர்ந்து வாங்கிக்கொள்வது எனக்கு வசதி.

அந்த ஊரின் வடக்குத் தெருவில் ஒரு பெரிய வீடு. போர்வெல், மக்காச்சோளம், பருத்தி, வாசலில் டிராக்டர். மகன் சிங்கப்பூரில் இருந்தான். மருமகள் எட்டு மாதம், முதல் பிள்ளை. டிகிரி முடித்த இருபத்திரண்டு வயதுப் பெண். அக்காவோ தெற்குத் தெரு. அந்த வீட்டு நிலத்தில் அக்காவின் அப்பா காலம் முழுக்க வேலை செய்தவர்.

முதல் தடவை நானும் கூடப் போனேன். வீட்டம்மா, அதாவது அந்தப் பெண்ணின் மாமியார், கேட்டருகே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். தம்பிக்கு எந்த ஊரு, அங்கே எந்தப் பக்கம், யாரு வீட்டு ஆளு என்று மூன்று கேள்விகள். எங்கள் பக்கத்தில் இந்த மூன்றும் ஒரே கேள்வி என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். நான் பாளையம்பட்டி என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை, ரூம் எடுத்துத் தங்கியிருந்தது அங்கேதான். என் சொந்த ஊரையும் தெருவையும் சொல்லியிருந்தால் பேச்சு அக்காவின் தெருவுக்கு நேராகப் போய் நின்றிருக்கும். சொல்லவில்லை. கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஷூ, கையில் டேப்லெட். மீதியை அந்த அம்மாவே ஊகித்துக்கொண்டார். எனக்குப் போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது.

அக்காவுக்கு டீ பேப்பர் கப்பில் வந்தது. பேப்பர் கப் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு நோகிற வேலையே இல்லை. முன்பெல்லாம் தனி டம்ளர் வாங்கி, தனியாகக் கவிழ்த்து வைத்து, அதற்கு ஒரு காரணமும் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது குடித்தவரே கசக்கிப் போட்டுவிடலாம். கேட்டால் சுத்தம். கொரோனா வேறு வந்துபோனதா, சுத்தத்துக்கு அரசாங்க ஆதரவும் சேர்ந்துவிட்டது.

மருமகளைப் பார்க்க வேண்டும் என்றோம். அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். ஏழாம் மாசம் வைக்க வேண்டிய வளைகாப்பு, பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்ததால் தள்ளிப்போய்விட்டது. ஒன்பதாம் மாசம் வைக்கிறார்கள். அதுவரை பிள்ளைத்தாச்சி வாசல் தாண்டக் கூடாது, வெளியாள் கண்ணில் படவும் கூடாது, கண் பட்டுவிடும். டவுனு டாக்டரிடம் போவதும் வளைகாப்புக்குப் பிறகுதான். இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காஸ் சிலிண்டர்காரர் எங்களைத் தாண்டி அடுப்படி வரை போய் வந்தார். அவர் பின்னாலேயே டிஷ் ஆன்டெனா பையன் ஹாலுக்குப் போனான். அவர்கள் கண்ணில் அப்படி எந்தக் கோளாறும் இல்லை போலிருக்கிறது.

கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். வீட்டின் பக்கவாட்டில், சந்துப் பக்கம் திறக்கிற ஒரு ஜன்னல். அக்கா சந்துக்குள் போய் நின்றார். கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வெளியே வந்தது. மெலிந்த, சிவந்த கை. விரலில் ஒரு தங்க மோதிரம். அக்கா அதில் பட்டையைச் சுற்றி, மிஷினை ஜன்னல் திட்டில் வைத்துப் பட்டனை அமுக்கினார். உள்ளே இருட்டு. "அக்கா, மெதுவா" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. அக்கா என்று கூப்பிட்டது அந்த வீட்டில் அந்தக் குரல் ஒன்றுதான்.

பிரஷர் சரியாக இருந்தது. அக்கா கையை விட்டதும், அது உள்ளே போவதற்குள் யாரோ அதன் மேல் சானிடைசர் ஊற்றினார்கள்.

இரண்டாவது வாரம் பிரஷர் கொஞ்சம் கூடியிருந்தது. மூன்றாவது வாரம் இன்னும் கொஞ்சம். ஆபத்து என்று நாங்கள் சொல்லிக்கொடுத்த அளவை இன்னும் தொடவில்லை, அவ்வளவுதான். அந்த வாரம் அக்கா எனக்குப் போன் போட்டார். கையில் மோதிரத்தைக் காணோம் என்றார்.

திருடு போய்விட்டதோ என்று நான் பயந்தேன். நிறுவனத்துப் பெயர் என்ன ஆவது என்று கூட ஒரு நொடி நினைத்தேன்.

"அட, கழட்டி வச்சிருக்கு தம்பி. விரல்ல ஏறல. எனக்கு அந்தப் புள்ள காலைப் பாக்கணும். காலைக் காட்டுன்னு கேட்டா, நானும் மூணு பெத்தவதான், எல்லாம் எனக்குத் தெரியும்ங்கிறாக மாமியாக்காரி."

அங்கேதான் என் வேலை குறுக்கே வந்தது. எங்கள் படிவம் டேப்பில் இருந்தது. கால் வீக்கம் என்ற கட்டத்தில் 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு பதில்கள். இரண்டில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் வராது. நிரப்பச் சொல்லி நான் நீட்டிய டேப்பை அக்கா என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் பார்க்காத காலுக்கு நான் எப்படி வீக்கம் இல்லை என்று போடுவேன் என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் மாதக் கடைசிக்குள் பன்னிரண்டு ஊர்ப் படிவமும் போய்ச் சேர வேண்டும். மூன்று வாரத்துக்கும் நானே 'இல்லை' என்று தொட்டேன். திரையில் பச்சை வந்தது. அக்கா தன் கோடு போட்ட நோட்டில் மூன்று வாரத்துக்கும் 'காலைப் பாக்க விடலை' என்று பேனாவால் எழுதி வைத்துக்கொண்டார்.

மாதக் கூட்டத்தில் இந்த ஜன்னல் விஷயத்தை ஒரு பிரச்சினையாகத்தான் சொன்னேன். எங்கள் திட்ட அலுவலர் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் புதுமை வேண்டியிருந்தது. சென்னை அலுவலகம் மூன்று மாதமாகப் புதுமை கேட்டுக்கொண்டிருந்தது. தடை என்று எழுதாதீர்கள், தீர்வு என்று எழுதுங்கள் என்றார். நானும் எழுதினேன். 'பயனாளிக் குடும்பத்தின் பண்பாட்டு உணர்வுகளை மதிக்கும் ஜன்னல்வழிச் சேவை.' நன்றாகத்தான் வந்திருந்தது. இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

அந்த ஜன்னல் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் அம்மா பருத்தி எடுத்த கூலியைக் கொல்லைப்பக்கம் நின்று முந்தானையை ஏந்தித்தான் வாங்கினார். கையில் கை படாமல் மேலேயிருந்து விழும். அந்த முந்தானையிலிருந்து வந்த காசில் படித்த தமிழில்தான் நான் 'பண்பாட்டு உணர்வுகள்' என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்து ஜன்னல்வழிச் சேவையைப் பார்க்க விருந்தாளிகள் வந்தார்கள். வெள்ளைக் கார், முழுக்க ஏசி. சென்னையிலிருந்து ஒருவர், வடநாட்டிலிருந்து தமிழ் தெரியாத ஒரு மேடம், போட்டோ எடுக்க ஒரு பையன், கூட எங்கள் அலுவலர். மேடத்துக்கு மொழிபெயர்ப்பது என் வேலை.

அந்த வீட்டில் ராஜ மரியாதை. ஹாலில் சோபா, கண்ணாடி டம்ளரில் பன்னீர் சோடா. என்னையும் உள்ளே உட்கார வைத்தார்கள். அக்கா வழக்கம்போல நேராகச் சந்துக்குள் போய் ஜன்னலடியில் நின்றுவிட்டார். பத்துப் பதினைந்து நாளாக அந்தக் கையைப் பார்க்க விடவில்லை, மருமக தூங்குது, எண்ணெய் தேச்சிருக்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வரும் வழியில்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

காப்பாற்றியது போட்டோப் பையன்தான். கம்பிக்கு வெளியே வந்த கையில் அக்கா பட்டையைச் சுற்றியதுமே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சந்தில் வெளிச்சம் சரியில்லை, கம்பி நிழல் கையில் விழுகிறது, அவர்களை வெளியே வரச் சொல்லுங்கள் என்றான். வீட்டம்மா யோசித்தார். காரைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். படம் பெரிய இடத்துக்கெல்லாம் போகும் என்று அலுவலர் சொன்னார். கண் பட்டுவிடும் என்ற பேச்சு அன்றைக்கு வரவே இல்லை. பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து மருமகளைப் போர்ட்டிகோவுக்குக் கூட்டி வந்தார்கள். ஐந்து வாரமாகக் கையாக மட்டும் இருந்தவரை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். முகம் ஊதியிருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தூணைப் பிடித்தபடி நின்றார்.

அக்கா சந்திலிருந்து வந்தார். யாரிடமும் கேட்கவில்லை. போர்ட்டிகோவில் ஏறி, தரையில் குந்தி, பட்டுச் சேலையை ஒரு முழம் உயர்த்தி, முன்னெலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார்.

குழி அப்படியே நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மேலே எழும்பவே இல்லை. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி இருந்தது.

பட்டையைச் சுற்றி மிஷினைப் போட்டார். நூற்று அறுபத்து நாலுக்கு நூற்றுப் பத்து. தலை வலிக்குதா என்று கேட்டார். காலையிலிருந்தே இடிக்குதுக்கா, கண்ணு முன்னால பூச்சி பூச்சியா பறக்குது என்றது பெண். போட்டோப் பையன் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், வலிப்பு வந்தால் தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது என்று அக்கா சொன்னார். வீட்டம்மாவுக்கு முதலில் கோபம், அந்தக் கால் அருகே அக்கா உட்கார்ந்திருந்ததற்கு. அப்புறம் பயம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு, பந்தக்கால் ஊன்றியாகிவிட்டது, இன்றைக்கு நேரமும் சரியில்லை என்றார். எங்கள் அலுவலர் தாழ்ந்த குரலில் அக்காவிடம், விருந்தாளிகள் முன்னால் இப்படிப் பதற்றம் வேண்டாம், பிரஷரை ஜன்னல்வழியாகத் தொடர்ந்து கவனிக்கலாமே என்றார்.

அக்கா எழுந்தார். அலுவலரைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"ஏன் சார், கையா புள்ள பெறப் போகுது?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்கா என்ன சொல்கிறார் என்று கேட்டார். அதுவரை நான் மொழிபெயர்த்ததெல்லாம் வழவழவென்று, யாருக்கும் முள் குத்தாமல் இருந்தது. அன்றைக்கு உள்ளது உள்ளபடி சொன்னேன். அக்கா சொன்னதைச் சொன்னேன். இந்த ஜன்னல் எதற்காக என்பதைச் சொன்னேன். காலைப் பார்க்காமலேயே மூன்று வாரம் 'வீக்கம் இல்லை' என்று போட்டது நான் என்பதையும் சொன்னேன். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும், உங்கள் கார் வேண்டும் என்றேன். என் ஆங்கிலம் அவ்வளவு நன்றாக இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மேடம் நேரே போய்த் தன் பையைக் காரிலிருந்து எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவரைப் பற்றி நான் வைத்திருந்த கேலியையெல்லாம் அந்த இடத்திலேயே கீழே போட்டேன். மதியம் வீரசோழனில் இன்னொரு நிகழ்ச்சி இருப்பதை அலுவலர்தான் இரண்டு தடவை நினைவுபடுத்தினார்.

பின்சீட்டில் ஒரு பக்கம் வீட்டம்மா, ஒரு பக்கம் அக்கா. நடுவில் அந்தப் பெண் இடப்பக்கமாகச் சாய்ந்து, தலையை அக்கா மடியில் வைத்துப் படுத்திருந்தார். நான் முன்னால். டிரைவர் ஆட்டு மந்தைகளுக்கு ஹாரன் அடித்துக்கொண்டே போனார். இருபுறமும் சீமைக்கருவேலம் ஓடியது. பாதி வழியில் பெண் தண்ணீர் கேட்டது. வீட்டிலிருந்து யாரும் எதுவும் எடுத்து வரவில்லை. அக்கா பையிலிருந்த பாட்டிலை நீட்டினார். வீட்டம்மா வாங்கி மருமகளின் உதட்டை நனைத்தார். அப்புறம் தானும் வாய் வைத்து மடமடவென்று குடித்தார். சேலையெல்லாம் தண்ணீர். பேப்பர் கப் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அன்று மாலையே ஆபரேஷன். ஆண் குழந்தை, எடை குறைவு. சில நாள் சூட்டுப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தாய்க்குப் பிரஷர் இறங்க ஒரு வாரம் ஆனது. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

ஊசி போட்ட டாக்டர் முந்தைய விவரம் கேட்டார். நான் டேப்பைத் திறந்தேன். மூன்று வாரமும் வீக்கம் இல்லை, பச்சை. அக்கா நோட்டைத் திறந்தார். மூன்று வாரமும் 'காலைப் பாக்க விடலை'. டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு நோட்டை மட்டும் வைத்துக்கொண்டார். அன்று ராத்திரி அந்தக் கட்டங்களைத் திருத்தப் பார்த்தேன். சமர்ப்பித்த விவரத்தை மாற்ற இயலாது என்று வந்தது. இன்றைக்கும் சென்னையில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் அந்தக் கால்களில் வீக்கம் இல்லை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். "பச்சை வந்தப்பவே தெரியும் தம்பி. இனிமே டேப்பு என் கையில இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து அவர் கையில்தான் இருக்கிறது.

ஜன்னல்வழிச் சேவையைக் கைவிட்டோமா என்றால் இல்லை. ஓர் உயிரைக் காப்பாற்றிய முறை என்று அது கையேட்டில் ஏறிவிட்டது, போட்டோவோடு. கம்பிக்கு வெளியே ஒரு கை, பட்டை சுற்றியிருக்கிறது. வேண்டாம் என்று நான் எழுதிய கடிதத்துக்கு, உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது என்று பதில் வந்தது. அடுத்த மாதம் செயலியைப் புதுப்பித்தபோது 'சேவை வழங்கிய இடம்' என்று ஒரு கட்டம் சேர்ந்திருந்தது. வீடு, மையம், ஜன்னல் என்று மூன்று பதில்கள்.

நாற்பது நாள் கழித்துப் பிள்ளைக்கு எடை பார்க்கப் போனோம். கேட்டருகே வீட்டம்மா வந்தார். அன்றைக்கு அவருக்கும் சங்கடம். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அக்காவைப் பார்த்தார், பழக்கத்தில் கண் சந்துப் பக்கம் போனது. அக்கா நகரவில்லை. தோளில் எடைத் தராசு, அதன் துணித்தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை மாட்ட உத்தரத்துல கொக்கி வேணும்மா. அப்புறம் இன்னொண்ணு. கைன்னா கம்பி வழியா வந்துச்சு. புள்ளைக்குத் தலை இருக்கே."

உள்ளேயிருந்து அந்தப் பெண் சிரித்தது வாசல் வரை கேட்டது. "உள்ள வாங்கக்கா" என்றது அதே குரல். கொக்கி ஹாலில் இருந்தது. தொட்டில் கட்டிய கொக்கி. அக்கா செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார். வீட்டம்மா ஒதுங்கி வழி விட்டார். வழி விட்டார் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

நான் போர்ட்டிகோவிலேயே நின்றேன். தம்பி உட்காருங்க, பாளையம்பட்டியில எந்தப் பக்கம்னு சொல்லவே இல்லையே என்றார் வீட்டம்மா, ஏதாவது பேச வேண்டுமே என்று. அங்கே ரூம்தான் எடுத்திருக்கிறேன் என்றேன். ரெட்டியபட்டி பஸ்ஸில் ஏறி இறங்க வேண்டிய என் சொந்த ஊரைச் சொன்னேன். தெருவையும் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

ஹாலில் அக்கா பிள்ளையைத் தராசுத் தொட்டிலில் போட்டு, முள் நிற்கக் காத்திருந்தார். மூன்று கிலோ நூறு என்றார். டேப்பை எடுத்தார். சேவை வழங்கிய இடம் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, 'வீடு' என்று தொட்டார்.

டீ வந்தது. இரண்டு பேப்பர் கப்புகள்.